பம்பிங் 60 சதவீதம்: மீதி 40 எங்கே போயிற்று?

கேள்வி: எனக்கு வயது 52. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதும் வேலை. மூன்று மாதங்களுக்கு முன் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் ‘பம்பிங்’ 60 சதவீதம் என்று அறிக்கையில் இருக்கிறது. வால்வுகளும் தசைகளின் அசைவும் இயல்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபதுதான் வேலை செய்கிறது என்றால் நாற்பது பழுதாகிவிட்டது என்றுதானே பொருள்? நடக்கும்போது மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ வந்ததில்லை என்றாலும், பயத்தில் காலை நடையை நிறுத்திவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் சில விநாடிகள் கண் இருட்டுகிறது. மாலையில் கால் கனத்து, காலுறையின் தடம் பதிகிறது. இரவில் படுத்திருக்கும்போது எப்போதாவது ஒரு துடிப்பு தவறி, அடுத்தது நெஞ்சில் இடிப்பதுபோல் வருகிறது. இன்னொன்றும் புரியவில்லை: எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கும் இதயத்துக்கே ரத்தம் போதாமல் மாரடைப்பு வருவது எப்படி? ரத்த அழுத்தம் 122/78. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்களுக்கு உடனே தேவைப்படும் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இதயத்தில் நாற்பது சதவீதம் பழுதாகவில்லை. நீங்கள் அனுப்பிய விவரங்களின்படி அது நலமாக இயங்கும் இதயம்.

அந்த 60, தேர்வில் வாங்கும் மதிப்பெண் அன்று. இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்புக்கு முன் எவ்வளவு ரத்தத்தால் நிரம்பியிருந்ததோ, அதில் எத்தனை பங்கை அந்தத் துடிப்பில் வெளியே தள்ளியது என்பதைக் காட்டும் விகிதம் அது. வளர்ந்த ஒருவரின் இடது கீழறை முழுதாக விரியும்போது ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் ரத்தம் கொள்ளும். அது சுருங்கும்போது சுமார் 70 மில்லிலிட்டர் பெருந்தமனிக்குள் போகும். 50 மில்லிலிட்டர் உள்ளேயே தங்கும். 120-இல் 70 என்பது 58 சதவீதம். எக்கோவில் பெண்களுக்கு 54 முதல் 74 வரையும், ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். நூறு சதவீதம் என்று ஒரு நலமான இதயமும் காட்டுவதில்லை. நாங்கள் பம்பிங் குறைந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லிச் சிகிச்சை தொடங்குவது பெரும்பாலும் 40-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வரும்போதுதான்.

உள்ளே தங்கும் அந்த 50 மில்லிலிட்டர் வீணானது அன்று, அது கையிருப்பு. நீங்கள் வேகமாக நடந்தாலோ படியேறினாலோ இதயத் தசை இன்னும் இறுக்கிச் சுருங்கி, அந்தக் கையிருப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அனுப்பும். ஓய்வு நேரத்திலேயே அறையைக் காலியாக்கிவிடும் இதயத்துக்கு அவசர நேரத்தில் கூடுதலாகத் தர எதுவும் மிஞ்சாது. கடுமையான ரத்தப்போக்கு, சில தசைத் தடிப்பு நோய்கள் போன்ற நிலைகளில் இந்த எண் இயல்பைத் தாண்டி உயர்வதும் உண்டு. அதை நாங்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு நோயாளியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஓராண்டு அறிக்கையில் 65 என்றும் மறு ஆண்டு அறிக்கையில் 60 என்றும் இருந்ததைக் கண்டவர், ஆண்டுக்கு ஐந்து வீதம் குறைந்தால் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள்தான் என்று தாமாகவே கணக்குப் போட்டு, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எக்கோவில் எண்ணை எடுப்பது, துடித்துக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பின் ஓரங்களைத் திரையில் கோடிட்டு அளப்பது; எடுப்பவர் மாறினாலும், அதே ஒருவர் மறுநாள் எடுத்தாலும் ஐந்து புள்ளி முன்பின் ஆகும். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, அதில் உள்ள எண் எதை அளக்கிறது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து விளக்காமல் அனுப்புவது எங்கள் தொழிலில் உள்ள உண்மையான குறை. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் நீங்கள் மூன்று மாத நடையை இழந்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். இதயம் என்றதும் நாம் எல்லோரும் அது தள்ளுவதைப் பற்றியே பேசுகிறோம். பம்பிங் என்ற சொல்லே அப்படிப்பட்டதுதான். ஆனால் தள்ளுவது பாதி வேலை. தளர்ந்து விரிந்து, திரும்பி வரும் ரத்தத்தை வாங்கிக்கொள்வது மறுபாதி. கண் இருட்டுவது, கால் கனப்பது, துடிப்பு தவறுவது, இதயத்துக்கே ரத்தம் போதாமல் போவது ஆகிய நான்கும் இந்த மறுபாதியில்தான் விளங்கும். அதனால் ரத்தம் போகும் வழியை ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.

இதயம் ஏறத்தாழ அவரவர் மூடிய கை அளவு இருக்கும். எடை 250 முதல் 350 கிராம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உறுப்பு; வேலையில் அது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பம்புகள். உடல் முழுவதும் சுற்றி, ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வரும் ரத்தம் இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வந்து, வலது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலில் புதிய ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு இடது மேலறைக்குத் திரும்பி, இடது கீழறைக்கு இறங்கி, பெருந்தமனி வழியாக உடல் முழுவதும் பிரிகிறது. நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, அதன் குழாய்களும் அகன்றவை; எனவே வலது கீழறை 25 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தத்தில் தள்ளினால் போதும். இடது கீழறையோ தலை உச்சியிலிருந்து கால் விரல் வரை அனுப்ப வேண்டியிருப்பதால் 120 மில்லிமீட்டர் அழுத்தம் தருகிறது. அதனால்தான் வலது கீழறையின் சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனமும், இடது கீழறையின் சுவர் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய கனமும் கொண்டவை. அழுத்தம் இவ்வளவு வேறுபட்டாலும் இரண்டு பக்கமும் அனுப்பும் அளவு ஒன்றேதான். வலப்புறம் அனுப்புவதைவிட இடப்புறம் துடிப்புக்கு ஒரு மில்லிலிட்டர் குறைவாக அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர் வீதம் நுரையீரலில் தேங்கி, ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு முட்டிப்போகும். இந்தச் சமநிலை எப்படிக் காக்கப்படுகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன். இதயத்தைப் பற்றி நான் கற்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். நம் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஆகவே உங்கள் ரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டருக்கு மேல். இந்தப் பெருக்கல் கணக்குதான் ரத்தம் சுற்றுகிறது என்பதையே உலகுக்குக் காட்டியது. அதற்கு முன் சுமார் ஆயிரத்து நானூறு ஆண்டுகள், கல்லீரல் புதிது புதிதாக ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்றே மருத்துவம் நம்பியிருந்தது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட நூலில், ஒரு துடிப்புக்கு மிகக் குறைந்த அளவே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் வெளியேறும் ரத்தம் உடலில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவையும் எந்த உணவாலும் உண்டாக்க முடியாது. எனவே போன ரத்தமே திரும்பி வருகிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகக் கடக்கிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இடையில் உள்ள தந்துகிகளைக் கண்டார். ரத்தச் சிவப்பணுக்கள் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து போகுமளவுக்கு மெல்லிய குழாய்கள் அவை. பெருந்தமனியில் விநாடிக்குப் பல சென்டிமீட்டர் பாயும் ரத்தம் அங்கே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஊர்கிறது. ஆக்சிஜனும் சத்தும் கைமாறுவது அந்த நிதானத்தில்தான்.

ஹார்வி செய்து காட்டிய சோதனை ஒன்றை நீங்கள் இப்போதே உங்கள் கையில் செய்து பார்க்கலாம். கையைக் கீழே தொங்கவிட்டுச் சிறிது நேரம் இருந்தால் முன்னங்கையிலும் புறங்கையிலும் பச்சை நரம்பு என்று நாம் சொல்லும் சிரைகள் புடைத்து நிற்கும். கிளை பிரியாமல் நேராக ஓடும் ஒரு சிரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஆள்காட்டி விரலால் அதை ஓர் இடத்தில் அழுத்திக்கொண்டு, கட்டை விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக ரத்தத்தை வழித்துவிடுங்கள். இப்போது கட்டை விரலை எடுத்தாலும், வழித்த இடத்தில் கொஞ்ச தூரம் சிரை வெறுமையாகவே இருக்கும். மேலே உள்ள ரத்தம் ஒரு சிறிய முடிச்சு வரை வந்து நின்றுவிடும், கீழே இறங்காது. அந்த முடிச்சு ஒரு வால்வு. ஆள்காட்டி விரலை எடுத்த மறுகணம் கீழிருந்து ரத்தம் பாய்ந்து சிரை நிரம்பிவிடும். சிரையில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போக முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. மாணவனாக இருந்தபோது விடுதி அறையில் என் கையில் இதைச் செய்து பார்த்த அன்று நான் அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

இங்கிருந்து உங்கள் கால்களுக்கு வருவோம். பெருந்தமனியில் 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும் சராசரி அழுத்தம், தந்துகிகளைத் தாண்டிச் சிரைகளுக்கு வந்து, வலது மேலறையை எட்டும்போது அநேகமாகப் பூச்சியத்துக்கு வந்துவிடும். அதாவது, இதயம் கொடுத்த உந்துதல் சிறு தமனிகளையும் தந்துகிகளையும் கடப்பதிலேயே பெரும்பாலும் செலவாகிவிடுகிறது. நிற்கும்போதும் உட்காரும்போதும் பாதத்திலிருந்து நெஞ்சு வரை ரத்தத்தை ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை உங்கள் கெண்டைக்கால் தசை. ஓர் அடி எடுத்து வைக்கும்போது அந்தத் தசை சுருங்கி உள்ளே உள்ள ஆழ்சிரைகளைப் பிழிகிறது. வால்வுகள் கீழே போக விடாததால் ரத்தம் மேலே ஏறுகிறது. தசை தளர்ந்ததும் கீழிருந்து மறுபடி நிரம்புகிறது. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைவதும் மேலே இழுத்துக்கொள்ள உதவுகிறது. எட்டு மணி நேரம் நாற்காலியில் அசையாமல் இருப்பவரின் கெண்டைக்கால் இந்த வேலையைச் செய்வதில்லை. சிரைகளில் அழுத்தம் ஏறி, தந்துகிகளிலிருந்து நீர் கசிந்து, மாலையில் காலுறையின் தடம் பதிகிறது. இரவு படுத்து எழுந்தால் மறைந்துவிடுகிறது என்றால், இதயத்தின் பலவீனம் என்பதைவிட உட்கார்ந்திருந்த நேரத்தின் விளைவு என்பதே பொருத்தம். நடையை நிறுத்தியதால் அது கூடியிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

சட்டென்று எழும்போது கண் இருட்டுவதும் இதே கதையின் அடுத்த பகுதி. உடலில் உள்ள ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அவை மெல்லிய சுவர் கொண்ட, எளிதில் விரிந்துகொடுக்கும் குழாய்கள். நீங்கள் எழுந்து நின்ற சில விநாடிகளில் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. அந்த அளவு இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வருவது குறைந்ததால் தள்ளுவதும் குறைந்து, அழுத்தம் சற்றுச் சரிகிறது. உயரத்தில் இருக்கும் மூளையும் கண்ணும் அதை முதலில் உணர்கின்றன. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே அறிந்து மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து வரும் கட்டளையால் துடிப்பு கூடி, குழாய்கள் இறுகி, சில விநாடிகளில் எல்லாம் சரியாகிவிடுகிறது. உங்களுக்கு இருட்டுவது அந்தச் சில விநாடிகளில்தான். போதிய நீர் குடிக்காத நாளிலும், நெடுநேரம் அசையாமல் இருந்து எழும்போதும் இது கூடும். எழுவதற்கு முன் உட்கார்ந்தபடியே பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு, பிறகு நிதானமாக எழுந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இருட்டல் சில விநாடிகளில் விலகாமல் நீடித்தால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

பிறகு சொல்கிறேன் என்று விட்டுவைத்த செய்திக்கு வருகிறேன். வலது இதயமும் இடது இதயமும் ஒரே அளவை அனுப்புவதற்கு மேலிருந்து எந்த உத்தரவும் வேண்டியதில்லை. இதயத் தசை எவ்வளவு நீட்டப்படுகிறதோ, ஓர் எல்லை வரை, அவ்வளவு வலுவாக அடுத்து அது சுருங்கும். இது தசையிலேயே அமைந்த பண்பு. ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் 1895-இலும், இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்தும் இதை நிறுவினார்கள். இடப்புறம் கூடுதலாக ரத்தம் வந்தால் இடது கீழறை கூடுதலாக விரியும்; கூடுதலாக விரிந்ததால் கூடுதலாகத் தள்ளும்; கணக்கு நேராகிவிடும். நடக்கும்போது உங்கள் கால்கள் ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புவதும், இதயம் அதை வாங்கிக் கூடுதலாகத் தள்ளுவதும் இப்படித்தான் கைகோத்துப் போகின்றன.

உங்களுக்கு இரவில் தவறுவதாகத் தோன்றும் துடிப்பையும் இந்த விதியே விளக்குகிறது. வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்ற சிறிய திசு உண்டு. 1907-இல் ஆர்தர் கீத்தும் மார்ட்டின் ஃபிளாக்கும் கண்டறிந்த அது, யார் சொல்லியும் இல்லாமல் தானே மின் துடிப்பைத் தொடங்கிவைக்கிறது. அதன் சொந்த வேகம் நிமிடத்துக்கு நூறை ஒட்டியது. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதைப் பிடித்து எழுபதுக்கு நிதானப்படுத்துகிறது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கு அந்த நரம்பு அறுபட்டிருப்பதால் அவர் உறங்கும்போதும் இதயம் தொண்ணூறு நூறு என்று துடிப்பதைக் காணலாம். மேலறைகளிலிருந்து மின்சாரம் கீழறைகளுக்கு இறங்கும் வாயிலில் பத்தில் ஒரு விநாடி தாமதம் இருக்கிறது. மேலறைகள் தம்மிடம் உள்ள மீதியையும் கீழே இறக்கி முடிப்பதற்கான அவகாசம் அது.

எப்போதாவது, இந்தக் கணுவின் முறை வருவதற்கு முன்பே, தசையின் வேறோர் இடம் முந்திக்கொண்டு ஒரு துடிப்பைத் தொடங்கிவிடும். எக்டோபிக் துடிப்பு என்று சொல்கிறோம். கீழறை இன்னும் நிரம்பாத நேரத்தில் வருவதால் அது தள்ளும் ரத்தம் சொற்பம். மணிக்கட்டில் நாடி பிடித்திருந்தால் அந்தத் துடிப்பு கைக்குத் தெரியாது. அதைத்தான் தவறிய துடிப்பு என்று நினைக்கிறீர்கள். அதன்பின் சற்று நீண்ட இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் கீழறை வழக்கத்தைவிட நன்றாக நிரம்பி, நன்றாக விரிந்து, அடுத்த துடிப்பில் வலுவாக அடிக்கிறது. நெஞ்சில் இடித்தது அந்த அடுத்த துடிப்புதான். நீங்கள் பயந்த அந்த அடி, நன்கு நிரம்பிய, நலமான இதயத் தசை செய்ய வேண்டியதைச் செய்த அடி. நாள் முழுவதும் ஈ.சி.ஜி. பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்திப் பார்த்தால் நலமாக இருப்பவர்களில் மிகப் பலருக்கு இப்படி ஒன்றிரண்டு இருக்கும். பகலில் வேலை மும்முரத்தில் தெரியாதது, இரவின் அமைதியில், அதுவும் இடப்பக்கமாகப் படுத்திருக்கும்போது தெரிந்துவிடுகிறது. தூக்கக் குறைவும் மனக் கலக்கமும் காஃபீனும் அதைக் கூட்டும்.

இனி, நிறைகுடத்துக்கே தாகம் எடுக்குமா என்ற உங்கள் கடைசிக் கேள்வி. மிக நல்ல கேள்வி. மருத்துவம் படிக்க வருபவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். இடது கீழறையின் சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் என்று சொன்னேன். அறைக்குள் இருக்கும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் அவ்வளவு தூரம் தசைக்குள் ஊறி நுழைய முடியாது. உட்புறத்தில் மெல்லியதோர் அடுக்குக்கு மட்டுமே அது எட்டும். எனவே பெருந்தமனி புறப்பட்ட இடத்திலேயே, அதன் வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு கொரோனரித் தமனிகள் பிரிந்து, இதயத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிப் படர்ந்து, வெளியிலிருந்து உள்ளே தசைக்குள் இறங்குகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர், அதாவது இதயம் அனுப்பும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, இதயத்துக்கே போகிறது.

இடது கீழறை சுருங்கும்போது, தன் தசைக்குள் ஓடும் அந்தக் குழாய்களைத் தானே நசுக்கிவிடுகிறது. ஆகவே உடலின் மற்ற உறுப்புகள் இதயம் சுருங்கும்போது மிகுதியாகப் பெறும் ரத்தத்தை, இடது கீழறைத் தசை தான் தளரும்போதுதான் பெரும்பாலும் பெறுகிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி, அதில் சுருங்குவது ஏறத்தாழ 0.3 விநாடி, தளர்வது 0.5 விநாடி. சுருங்கும்போது விரிந்துகொடுத்த பெருந்தமனியின் சுவர், இதயம் தளரும்போது மீண்டு அழுத்தி ரத்தத்தைத் தொடர்ந்து ஓடச் செய்கிறது. உங்கள் 122/78-இல் கீழே உள்ள 78 அந்த மீட்சியால் நிற்பது. கொரோனரித் தமனிகளுக்கு ஊட்டம் தருவதும் அதுதான். அரை விநாடி ஓய்வில் இதயம் நிரம்பவும் வேண்டும், தனக்கு ஊட்டிக்கொள்ளவும் வேண்டும். துடிப்பு வேகமாகும்போது இந்த ஓய்வுதான் முதலில் குறுகும்.

மற்ற தசைகள் தமக்கு வரும் ஆக்சிஜனில் ஓய்வு நேரத்தில் நான்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பும். வேலை கூடினால் அந்த மீதியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதயத் தசையோ ஓய்விலேயே சுமார் எழுபது சதவீதத்தை எடுத்துவிடுகிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அந்த நேரத்தில் கொரோனரித் தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவு தடித்திருந்தால் போதிய ரத்தம் வராது. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் அதில் ஓடக்கூடியது பாதி அன்று, பதினாறில் ஒரு பங்கு. அதனால்தான் தடிப்பு ஓரளவு வரும்வரை எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிட்டு, பிறகு படியேறும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது. அந்தப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழியை முழுதாக அடைப்பதுதான் பெரும்பாலான மாரடைப்பு. அந்தத் தமனி ஊட்டிய தசை நிமிடத்துக்கு நிமிடம் அழியத் தொடங்குகிறது. அறைக்குள் ரத்தம் நிறைந்திருந்தும் அது உதவாது.

இங்கே நான் ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். எக்கோவில் 60 என்று இருப்பதும் தசைகள் எல்லாம் சமமாக அசைவதும், இதுவரை இதயத் தசைக்குப் பெரிய சேதம் இல்லை என்பதைத்தான் காட்டுகின்றன. கொரோனரித் தமனியில் படிவே இல்லை என்று அவை சொல்வதில்லை. அதை நிர்ணயிப்பவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை, குடும்ப வரலாறு ஆகியவை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. நெஞ்சு வலி என்று தெளிவாக இல்லாமல் தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத மிகுந்த களைப்பு என்றும் மாரடைப்பு வெளிப்படலாம். உங்கள் பரிசோதனை அறிக்கையில் எக்கோ எண்ணை எத்தனை முறை பார்த்தீர்களோ, அதில் பாதி முறையாவது சர்க்கரையும் கெட்ட கொலஸ்ட்ராலும் உள்ள பக்கத்தைப் பாருங்கள். மாற்றக்கூடியவை அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நாளையே நடக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் பதினைந்து நிமிடம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி முப்பதுக்கு வாருங்கள். அலுவலகத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் உலாவிவிட்டு வாருங்கள். எக்கோவை இப்போது திரும்ப எடுக்க வேண்டியதில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது சில நிமிட ஓய்வில் விலகாவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மயங்கி விழுவது, படுத்தால் மூச்சு முட்டுவது, துடிப்பு ஒன்றிரண்டு தவறுவதாக இல்லாமல் தொடர்ந்து தாறுமாறாக ஓடுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. இவற்றில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இரவில் அடுத்த முறை நெஞ்சில் அந்த அடி விழும்போது மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எத்தனை துடித்தது, எத்தனை தவறியது என்று ஒரு தாளில் குறித்துவைத்து, அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.